தேசிக்காய்க் குண்டு

தவராஜா புதுக் காரின் பின்சக்கரத்தடியில் கடைசித் தேசிக்காயைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கேணல் வலேரி அவனைக் கண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் உடைந்த பற்களுக்கும், போன ஓர் உயிருக்கும் இந்தத் தேசிக்காய்தான் காரணம். ஆகவே அது அங்கே எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

புது வாகனம் வந்தால் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சங்காய், அதாவது தேசிக்காய், வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பிறகு அந்தத் தேசிக்காய்கள் நசியும்படி ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். சுவிசுக்கு வந்து ஓர்லிகோன் பக்கம் லீசிங்கில் எடுத்த காருக்கும் அதைச் செய்கிறார்கள். கார் வங்கியுடையது, கண்ணூறு மட்டும் எங்களுடையது. தவராஜா போன வருடம் முதலாளியின் பழைய காரை இந்தச் சடங்கு ஒன்றும் இல்லாமல் எடுத்துக்கொண்டு போய் மலைப்பாதையில் ஒரு மானோடு மோதினான். மானும் போய், காரும் போய், மனைவியிடம் வாங்கிய பேச்சு மட்டும் மிஞ்சியது. அவன் மனைவி இராஜேஸ்வரி கூர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இந்த முறை கோயிலில் பூசைக்கு வைத்த நாலு தேசிக்காயை அவளே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

“கார் ஆற்றையெண்டாலும் இருக்கட்டும். உள்ளுக்கை இருக்கப்போறது நீங்கள்தானே? இதை வைக்காமல் திறப்பைத் திருப்பாதேங்கோ,” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்னாடி பொரிசவிச் என்பது அவர் பெயர். வீட்டில் எல்லோருக்கும் பொரிசவிச். சோவியத் யூனியன் உடைந்தபோது விழுந்த துண்டுகளில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். எந்த நாடு என்று கேட்க வேண்டாம், அங்கே ஊர்ப் பெயர்களெல்லாம் மாறிவிட்டன, ஆட்கள்தான் மாறவில்லை. தனிச்சொத்து என்றால் திருட்டு என்று இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த கட்சிச் செயலாளர் அவர். அடுத்த வருடமே மாவட்டத்துச் சீமெந்துத் தொழிற்சாலை அவருடைய தனிச்சொத்தாகிவிட்டது. ஆக, தான் படிப்பித்தது சரி என்று வாழ்ந்தே காட்டினார். பிறகு கொஞ்சக் காலம் மந்திரி. பிறகு புது ஜனாதிபதி வந்து பழைய மந்திரிகளை ஒவ்வொருவராக உள்ளே தள்ளத் தொடங்க, இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுவிஸ் மலைப்பக்கத்து எங்கடினுக்கு வந்து, ரயில் பாதைக்கு மேலே சரிவில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்.

ஆள்தான் சுவிசுக்கு வந்தாரே தவிர அந்த வீட்டுக்குள் இருந்தது பழைய நாடுதான். திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். சென்ற வாரத்துச் சூப் நன்றாக இருந்ததா என்று வாக்கெடுப்பு நடக்கும். எல்லாக் கைகளும் மேலே போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவராஜா, சூப்பில் உப்புக் கூடிவிட்டதே என்று நினைத்துக் கையைக் கீழேயே வைத்திருந்தான். அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் அவனையே பார்த்தார்கள். சூப்பைச் சமைத்த நீனாவே மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். கை தானாக மேலே போனது. கூட்டம் முடிந்து அடுக்களைக்கு வந்ததும், “விசரா, உப்பு எனக்கும் தெரியும். கை வேறை, நாக்கு வேறை,” என்று அவனைத் திட்டிவிட்டு ஒரு முட்டையும் பொரித்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் அவனை ‘தவா’ என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

தவராஜாவுக்கு ரஷ்ய மொழி தெரியும். தொண்ணூற்றேழில் சுவிசுக்கு என்று கொழும்பில் ஏற்றின ஏஜென்சிக்காரன் அவனை மொஸ்கோவில் இறக்கிவிட்டு மறந்துபோனான். பூட்டிய வீடொன்றில் கும்பலாகக் கிடந்து, வெளியே வந்தால் பொலிசிடம் பிடிபட்டு, அப்படிப் படித்த மொழி. அதனால் கெஞ்சுகிற சொற்களும் தூஷணமும் அவன் வாயில் நல்ல சுத்தமாக வரும், மற்றதெல்லாம் கொஞ்சம் தடக்கும். ஹோட்டல் வான் ஓடிக்கொண்டிருந்தவனைப் பொரிசவிச் தன் சாரதியாக எடுத்துக்கொண்டது அந்தத் தூஷணத்தின் அழகில் மயங்கித்தான். இனி வரும் பேச்செல்லாம் ரஷ்ய மொழியில் நடந்தது. ஆனால் தவராஜாவின் தலைக்குள் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். இங்கேயும் அப்படியே கிடக்கட்டும்.

பொரிசவிச்சுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. அவரோடு மந்திரியாக இருந்தவர்களில் ஒருவருக்குத் தேநீரில் விஷம் வைத்தார்கள். இன்னொருவர் ஹோட்டல் மாடியிலிருந்து தானாக விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாமவரின் படகு எரிந்தது. பொரிசவிச்சை மட்டும் ஒருவரும் ஏனென்று பார்க்கவில்லை. இரண்டு காவல்காரர், அவர்களுக்கு மேல் பழைய உளவுப்படை ஆளான கேணல் வலேரி, இப்போது துப்பாக்கிச் சன்னம் துளைக்காத கார். இவ்வளவும் இருந்தும் கொல்ல ஆளில்லை. அந்த அவமானம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இப்படியான வீட்டு முற்றத்தில்தான் ஒரு சனிக்கிழமை காலை, பனியை ஒதுக்கிவிட்டுத் தவராஜா குந்தியிருந்தான். மூன்று சக்கரங்களுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. ஒரு கையில் தேங்காய், அதன்மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மற்றக் கையால் நாலாவதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“டேய்! உதிலை என்னடா வைக்கிறாய்?” காவல்கொட்டிலில் இருந்து கேணலின் சத்தம் வந்தது.

தவராஜா திரும்பவில்லை. கற்பூரம் காற்றில் அணைந்துவிடும் என்ற பயம் அவனுக்கு. “பொறுங்கோ கேணல், முடிஞ்சுது. இது கடைசி. இனிப் போட்டு உடைக்கிறதுதான் மிச்சம்,” என்றான்.

கையில் நெருப்போடு ஒரு காருக்குக் கீழே குந்தியிருக்கிறவன் சொல்லவே கூடாத வசனம் அது. கேணல் துப்பாக்கியை உருவிவிட்டார்.

“கையிலை இருக்கிறதைக் கீழை போடடா!”

தவராஜா போட்டான். சொல்லப்போனால் அவனுக்கு அது நல்ல நேரத்தில் வந்த சொல்லாகவே பட்டது, கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. எழும்பி நின்று, கும்பிட்டுவிட்டு, தேங்காயை ஓங்கிக் கல்லில் அடித்தான். உறைந்துபோன தேங்காய் பெரிய சத்தத்தோடு சிதறியது. கேணல் சுட்டார். பின்சக்கரத்தடியில் இருந்த உருண்டையைத்தான் குறிபார்த்தார், குறியும் தப்பவில்லை. ஆனால் சன்னம் துளைக்காத கார் என்று விற்றவர்கள் பொய் சொல்லியிருக்கவில்லை. சன்னம் தேசிக்காயைப் பிய்த்துக்கொண்டு போய்க் காரில் மோதித் திரும்பி, என்ன சத்தம் என்று பார்க்க உள்ளாடையோடு வாசலுக்கு வந்து, பார்த்த பயத்தில் திரும்பி ஓட நினைத்த திமாவின் பின்புறத்தில் ஏறியது. திமா முதலாளியின் அக்கா மகன்.

கேணல் ஓடிவந்து குனிந்து பார்த்தார். பச்சைத் தோல், விதை, சாறு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். அந்த முகத்தில் முதலில் வெட்கம் வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு பயம் வந்தது. தவராஜா பக்கத்தில் நின்று இரண்டையும் பார்த்தான். முதலாளியின் மருமகனைச் சுட்டவனுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேணலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்படியானவர்களை மேலே அனுப்பி வைப்பது இத்தனை வருடமும் அவருடைய வேலையாகத்தான் இருந்தது.

மேல்மாடத்தில் பொரிசவிச் இரவு அங்கியோடு வந்து நின்றார். “வலேரி! என்ன சத்தம்?”

கேணல் ஒருகணம் தேசிக்காயைப் பார்த்தார், துடித்துக்கொண்டு கிடந்த திமாவைப் பார்த்தார். “குண்டு, பொரிசவிச்! காருக்குக் கீழை குண்டு வைச்சிருக்கிறாங்கள்!”

“எனக்கோ?”

“உங்களுக்குத்தான்.”

“எத்தினை?”

“நாலு!”

“நாலோ!” பொரிசவிச் நெஞ்சில் கை வைத்தார். பெண் கேட்டு ஆள் வந்த வீட்டுத் தகப்பன் மாதிரி அந்த முகம் மலர்ந்துபோயிற்று. உடனே உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்து, உயிரோடு மிஞ்சியிருந்த முன்னாள் மந்திரிகளுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். இதையெல்லாம் அடுக்களை யன்னலில் அகப்பையோடு நின்று நீனா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதைக் கேணலும் பார்த்தார். மிச்ச மூன்று தேசிக்காயையும் பொறுக்கித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

தவராஜாவைக் கராஜுக்குள் இழுத்துப்போய்க் கதிரையில் கட்டினார்கள். இரண்டு காவல்காரரும் பனிச்சறுக்குத் தடியால் தொடங்கினார்கள். அவர்களுக்கு உண்மை தெரியாது, குண்டு என்று மனதார நம்பித்தான் அடித்தார்கள். அதனால் அடி நல்ல இறுக்கமாக விழுந்தது.

“ஆர் தந்தது?”

“மனுசி.”

“அவளுக்கு ஆர் குடுத்தது?”

“கோயில் ஐயர்.”

“ஐயர் எந்த அமைப்பு?”

“பிள்ளையார் கோயில்.”

“பிள்ளையார் எண்டது ஆர்? தலைவரோ?”

தவராஜா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல ஒவ்வொரு பல்லாகப் போனது. புதுக் காரின் கதவு சாதாரணக் கதவு இல்லை, இரண்டு கையாலும் தள்ளினால்தான் அசையும். அதை அகலத் திறந்து, அவன் இடக்கை விரல்களை இடுக்கில் வைத்து, இருவரும் சேர்ந்து சாத்தினார்கள். அவன் போட்ட சத்தம் ரயில் பாதைவரைக்கும் கேட்டிருக்கும். “அது தேசிக்காய்! சாப்பிடுற தேசிக்காய்! கேணலைக் கேளுங்கோ!” என்று குழறினான். கேணல் மூலையில் நின்று தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே மணியடித்தது.

கேணல் தவராஜாவின் வாய்க்குள் ஒரு கம்பளிக் காலுறையைத் திணித்துவிட்டுக் கராஜ் கதவை அரைவாசி உயர்த்தினார். பக்கத்து வீட்டுக்காரர் நின்றார், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கட்டியிருந்த இடத்திலிருந்து தவராஜாவுக்கு அவருடைய சப்பாத்துகள் தெரிந்தன, சுத்தமான சப்பாத்துகள். காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“மன்னிக்க வேண்டும்,” என்றார் அவர் ஜெர்மனில். “இப்போது மத்தியான அமைதி நேரம். ஒன்றரை மணிவரைக்கும் சத்தம் போடும் வேலைகள் செய்யக்கூடாது. கிராம விதி.”

கேணலுக்கு ஜெர்மன் அரைகுறை. மன்னிப்புக் கேட்டார். இனிச் சத்தம் வராது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

“செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரைக்குப் பிறகு செய்யலாம்,” என்றார் வைத்தியர். “வழக்கமாக என்னோடு பேசும் அந்த நல்ல மனிதர் எங்கே? ஹெர் தவராஜா?”

“அவருக்கு வேலை.”

“நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அப்படியே, உங்கள் பனியை என் பக்கம் தள்ளுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.” சப்பாத்துகள் திரும்பிப் போயின.

கேணல் கதவை இறக்கினார். வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மதித்திராத அந்த மூவரும் ஒன்றரை மணிவரைக்கும் அடியை நிறுத்திவைத்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். “இந்த நாட்டிலை சட்டம் எண்டால் சட்டம்தான்,” என்று கேணல் பெருமூச்சுவிட்டார். பிறகு காவல்காரரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தவராஜாவின் காதோடு கதைக்கத் தொடங்கினார்.

“எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், உது தேசிக்காய். ஆனால் பொரிசவிச் இப்ப ஏழு பேருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டார். இனி அது தேசிக்காயாக முடியாது. விளங்குதோ?”

தவராஜா காலுறையோடு தலையசைத்தான்.

“வீட்டுக்குள்ளை ஒரு துரோகி இல்லாமல் உது சரியான குண்டுமில்லை. நான் சுட்டதை யன்னலாலை பாத்தது நீனா. பின்னேரம் எல்லாரையும் வரிசையிலை விடுவன். நீனா முன்னாலை வரேக்கை நீ தலையை ஆட்டினால் போதும். அவள்தான் உனக்குத் தந்தவள். நீ அறியாமல் வைச்சிட்டாய். உன்னை நானே ரயிலிலை ஏத்திவிடுவன்.”

தவராஜா அசையாமல் இருந்தான்.

“தலையை ஆட்டாட்டில்,” என்றார் கேணல், “உன்ரை மகள் அக்‌ஷயா பள்ளிக்கூடம் விட்டு கூர் ஸ்டேஷனடியாலைதானே நடந்து வாறவள்? நீலப் பை. ரெண்டு நாளைக்கு முதல்கூட எங்கடை பெடியன் ஒருத்தன் பாத்திட்டு நல்ல பிள்ளை எண்டு சொன்னவன்.”

தவராஜாவுக்குக் கையின் நோ மறந்துபோனது. நீலப் பை ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

ஒன்றரைக்குப் பிறகு எல்லோரும் கராஜுக்கு வந்தார்கள். பொரிசவிச் கறுப்புக் கோட்டு அணிந்து, பழைய பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார். ஆனால் அவருக்கு இரத்தம் கண்டால் சாப்பாடு இறங்காது. தவராஜாவின் முகத்தைப் பார்த்ததும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, “மூடுங்கோ, மூடுங்கோ!” என்றார். ஒரு காவல்காரன் தலையணை உறையொன்றைக் கொண்டுவந்து, கத்தியால் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, தவராஜாவின் தலையில் மாட்டினான்.

அந்த உறை தலைக்கு மேலால் இறங்கியபோது தவராஜாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றாறில் பாடசாலை மைதானத்தில் இராணுவம் ஊர் ஆண்களையெல்லாம் வரிசையில் நடக்கவிட்டது. வரிசை முடிகிற இடத்தில் ஒரு ஜீப். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன், இரண்டு ஓட்டை. தவராஜாவுக்கு முன்னால் அவனுடைய அண்ணன் சண்முகநாதன் போனான். அந்தச் சாக்கு ஒருதரம் ஆடியது. சண்முகநாதன் பிறகு வரவேயில்லை. அந்தத் தலையாட்டிக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று தவராஜா எத்தனையோ தடவை யோசித்து, அவனைச் சபித்து, அவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று மண்ணள்ளித் தூற்றியிருக்கிறான். இப்போது தெரிந்தது. உள்ளே வெக்கை. தன் மூச்சே தன் முகத்தில் அடித்தது. துணி இரத்தத்தில் ஒட்டியது.

திமாவைக் கட்டிலோடு கொண்டுவந்து குப்புறப் போட்டிருந்தார்கள். காவல்காரர் இருவரும் நீனாவும் வரிசையில் நின்றார்கள். கேணல் ஒவ்வொருவராகத் தோளில் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

முதலாவது காவல்காரன் வந்தான். காலையில் கதவைச் சாத்தியவன் இப்போது அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றான். உறை அசையவில்லை. இரண்டாமவன் வந்தான். அசையவில்லை. அவன் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போனான்.

நீனா வந்தாள். மாப்பிடித்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. இந்த மாதிரி வரிசைகளை அவளுடைய அம்மம்மா காலத்திலிருந்தே பார்த்த குடும்பம் போலிருக்கிறது. தன் தலை போகப்போகிறது என்று விளங்கிக்கொண்ட முகம் அது. “தவா,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

கேணலின் விரல் அவளுடைய தோளில் தட்டியது, ஆட்டு, ஆட்டு என்று.

தவராஜாவின் கழுத்து நீனாவை விட்டுத் திரும்பியது. அவளுடைய தோளில் இருந்த விரலைப் பார்த்தது, அந்த விரலோடு இருந்த கையைப் பார்த்தது, அந்தக் கையோடு இருந்த கேணலைப் பார்த்தது. அங்கே நின்று தலையை ஆட்டினான். பிழையாக விளங்கிவிடக்கூடாது என்று மறுபடியும் ஆட்டினான்.

கேணல்தான் முதலில் சிரித்தார். “விசரன். அடி கூடிப்போச்சு.”

பொரிசவிச் சிரிக்கவில்லை. அவர் அதிர்ச்சியும் அடையவில்லை. கடைசியில் மேலே இருக்கிறவன்தான் துரோகி என்று முடியாத வழக்கை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. “எனக்குத் தெரியும்,” என்றார் சோகமாக. “கன நாளாத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்!” கட்டிலில் குப்புறக் கிடந்த திமா கத்தினான். “என்னைச் சுட்டதும் இவன்தான் மாமா!”

கேணல் பொக்கற்றுக்குள் கையை விட்டு மூன்று தேசிக்காயையும் வெளியே எடுத்தார். “பொரிசவிச், இஞ்சை பாருங்கோ. குண்டுமில்லை ஒண்டுமில்லை. தேசிக்காய்! இவங்கள் காருக்கு வைக்கிற தேசிக்காய்! நான் பொய் சொன்னனான். பிழை என்னிலைதான். ஆனால் இது தேசிக்காய்!”

பொரிசவிச் ஒன்றைக் கையில் வாங்கினார். உருட்டிப் பார்த்தார். ஏழு முன்னாள் மந்திரிகள் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். அவருடைய உதடு துடித்தது. “என்னை,” என்றார், “என்னைத் தேசிக்காயாலையோ கொல்ல வந்தவங்கள்?”

“கொல்ல ஒருத்தரும் வரேல்லை, பொரிசவிச்!”

இதைச் சொன்னதைவிடக் கேணல் அவரைச் சுட்டிருக்கலாம். பொரிசவிச் தவராஜாவின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. வைச்சது நீதானே. இது தேசிக்காய் எண்டால் தலையை ஆட்டு.”

காலையில் இருந்து பல்லைப் பறிகொடுத்துப் பறிகொடுத்துத் தவராஜா கத்தியது அந்த ஒரு சொல்லைத்தான். இப்போது அவனை அடிக்கவிட்டவரே அதைச் சொல்லிக்கொண்டு நின்றார், அவன் ஓம் என்று ஒருதரம் ஆட்டினால் அது உண்மையாகிவிடும். கேணல் அவனையே பார்த்தார். அந்தக் கண்ணில் இப்போது அதிகாரம் ஒன்றும் இல்லை. காலையில் தவராஜா கதிரையில் இருந்து எப்படிப் பார்த்தானோ அப்படித்தான் பார்த்தார். தவராஜா நீலப் பையை நினைத்தான், நீனாவை நினைத்தான், பள்ளிக்கூட மைதானத்தையும் நினைத்தான். தலையை அசைக்கவில்லை. கழுத்து நோவில் அசைக்க முடியாமல் போய்விட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறான். அதெல்லாம் சும்மா. கழுத்தில் நோ இல்லை.

பொரிசவிச் தேசிக்காயை மெதுவாக, மிக மெதுவாக, மேசையில் வைத்தார். “கவனம், வெடிச்சுக் கிடிச்சுப் போடும்,” என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

காவல்காரர் இருவரும் பனி அள்ளும் சவள்களை எடுத்தார்கள். வருடக்கணக்காகத் தங்களுக்குக் கட்டளை போட்ட ஆள் என்று ஒரு தயக்கமும் இல்லை. கட்டளை போட்ட ஆள் என்பதாலேயே கொஞ்சம் சந்தோசமாக அடித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். முதல் அடி முழங்காலில் விழுந்தது. கேணல் விழுந்தார். சவளின் விளிம்பு முகத்தில் இறங்கியது, பிறகு கழுத்தில். திமா கட்டிலில் இருந்து, “இன்னும் ஒண்டு! எனக்காக ஒண்டு!” என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தான். வாயில் இரத்தம் கொப்பளிக்கும்வரைக்கும் கேணல், “தேசிக்காய்... தேசிக்காய்...” என்றார். பிறகு அதுவும் நின்றது. அமைதி நேரம் முடிந்திருந்தபடியால் ஒருவரும் வந்து மணியடிக்கவில்லை.

உடம்புக்குச் சறுக்குப் பலகை மாட்டி ஆள் போகாத சரிவொன்றில் உருட்டிவிட்டார்கள். கேணல் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் பனிச்சறுக்குச் செய்தவரில்லை. அனுபவமில்லாதவர்கள் செங்குத்தான சரிவுகளுக்குப் போகக்கூடாது என்று அந்த வாரம் பத்திரிகையில் ஓர் அறிவுரை வந்ததோடு அந்த விடயம் முடிந்தது.

ஆனால் அன்றைக்குப் பின்னேரம் ஒன்றும் முடியவில்லை. பொரிசவிச் கண்ணை மூடிக்கொண்டே வந்து, தலையணை உறைக்கு மேலாகத் தவராஜாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவனை அவிழ்க்கச் சொன்னார். “வலேரியின்ரை இடத்துக்கு இண்டையிலை இருந்து நீ. உன்ரை கண்ணுக்குத்தான் துரோகி தெரியுது. திங்கட்கிழமைக் கூட்டத்திலை இன்னும் ரெண்டு பேரைக் காட்டு. ஒரு ஆள் தனியச் செய்யிற சதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. சரியெண்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

காவல்காரர் சவளைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்கள். திமா கிடந்தபடியே உயர்த்தினான். எல்லோருக்கும் முதல் உயர்ந்த கை நீனாவுடையது.

தவராஜா தலையணை உறையைக் கழற்றிப் போட்டு, வாய்க்குள் இருந்த காலுறையையும் இழுத்து எறிந்துவிட்டு அடுக்களைக்கு நடந்து போனான். கதவைத் திறக்கும்போதே, பரவாயில்லை, ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன், வீட்டுக்குப் போய் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தான். நீனா கதிரையில் இருந்தாள். அவனைக் கண்டதும் துள்ளி எழும்பி, சுவரோடு ஒட்டி நின்றாள்.

“இரு நீனா,” என்றான். பல் போன வாயில் சொல் சரியாக வரவில்லை.

அவள் இருக்கவில்லை. “நீங்கள் இருங்கோ, ஐயா,” என்றாள். அவனுக்கு அவள் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, அவன் காலடியில் முழங்காலில் இருந்து, நசிந்த விரல்களைக் கழுவத் தொடங்கினாள். கை நடுங்கித் தண்ணீர் நிலமெல்லாம் சிந்தியது.

“ஏன் நடுங்கிறாய்? உன்னைக் காப்பாத்தத்தானே நான்...”

“ஓம் ஐயா. நன்றி ஐயா. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் ஐயா, ஊரிலை. திங்கட்கிழமை...” அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

தவராஜா அவள் முகத்தை நிமிர்த்தப் பார்த்தான், அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “நீனா, என்னைப் பார். நீ யன்னலாலை எல்லாம் கண்டனீதானே? அது தேசிக்காய். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லு, தேசிக்காய்தானே?”

“இல்லை ஐயா! குண்டு! நான் என்ரை கண்ணாலை கண்டனான். நாலு குண்டு. கேணல்தான் வைக்கச் சொன்னவர், அதையும் காதாலை கேட்டனான். ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன், மகள் மேலை ஆணை!” அவள் அவனுடைய சப்பாத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து, சொன்னது போதுமா என்று அவன் தலையையே பார்த்தாள். அது எந்தப் பக்கம் அசையும் என்று பார்த்தாள்.

தவராஜாவுக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் தலை கொஞ்சம் அசைந்தாலும் அவள் அந்த இடத்திலேயே செத்துவிடுவாள் என்று பயந்து, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டான்.

“ஓம்,” என்றான். “குண்டுதான்.”

அப்போதுதான் அவள் மூச்சுவிட்டாள்.